வண்டுகொல்லி

எனக்குப் பத்து வயது இருக்கும்போது இடுப்பில் படை வந்தது. அரைஞாண் கயிறு படும் இடத்தில் ஒரு ரூபாய் அகலத்துக்குச் சிவந்து, ஓரத்தில் மணி மணியாகத் தடித்து, நடுவில் வெளுத்து, நாளுக்கு நாள் வட்டம் பெரிதாகிக்கொண்டே போயிற்று. பகலில் விளையாட்டு மும்முரத்தில் மறந்திருப்பேன். இரவில் பாயில் படுத்ததும் அரிப்புப் பிடுங்கித் தின்னும். அம்மாவிடம் சொல்ல வெட்கம். கோடை விடுமுறைக்கு அம்மாயி ஊருக்குப் போனபோது, வாய்க்காலில் குளிக்க இறங்கிய என்னைப் பார்த்து அவள்தான் கண்டுபிடித்தாள்.

அம்மாயியின் தோட்டம் காலிங்கராயன் வாய்க்கால் பாசனத்தில் இருந்தது. மஞ்சளும் கரும்பும் வாழையும் விளையும் பூமி. வாய்க்கால் மேட்டில் ஆள் உயரத்துக்கு ஒரு செடி நிற்கும். அகலமான இலைகள், அவற்றுக்கு மேலே மஞ்சள் நிறப் பூங்கொத்துகள், மாதா கோயிலில் ஏற்றி வைத்த மெழுகுவத்திகளைப் போல விறைப்பாக நிமிர்ந்திருக்கும்.

"ஏங்கண்ணு, இத்தனை நாளா இதெ வெச்சுக்கிட்டு வாயத் தொறக்காம இருந்தியா?" என்று கேட்டுக்கொண்டே அம்மாயி அந்தச் செடியில் ஒரு கைப்பிடி இலை பறித்தாள். அம்மியில் வைத்து, எலுமிச்சம்பழம் பிழிந்து, மை போல அரைத்தாள். படையைச் சொரசொரப்பான துணியால் தேய்த்துவிட்டு அப்பினாள். எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறிற்று. நான் போட்ட கூச்சலில் கட்டுத்தறியில் நின்ற எருமை திரும்பிப் பார்த்தது. டவுசரில் பட்ட கறை கடைசி வரையில் போகவில்லை. ஆனால் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் படை இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது.

"இதுக்குப் பேரென்ன அம்மாயி?"

"சீமையகத்தி. வண்டுகொல்லின்னும் சொல்லுவாங்க."

"சீமையிலிருந்தா வந்துச்சு?"

"ஆருக்குத் தெரியுஞ்சாமி? எங்காயா காலத்திலிருந்து இந்த மேட்டுலதான் நிக்குது."

அம்மாயி அதற்குமேல் அதைப்பற்றிக் கவலைப்படவில்லை. எனக்கோ அந்தக் கேள்வி மனத்தின் ஒரு மூலையில் கிடந்துகொண்டே இருந்தது. பிற்காலத்தில் கிடைத்த புத்தகங்களைப் புரட்டிப் புரட்டி, அவளுக்குத் தெரியாத பதிலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைத்தேன். அதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

முதலில் அந்தப் பெயரைப் பாருங்கள். வண்டுகொல்லி என்றால் வண்டைக் கொல்வது. படையை ஏதோ கண்ணுக்குத் தெரியாத வண்டு அரிப்பதாக நம் முன்னோர் எண்ணினார்கள். இங்கிலீஷ்காரர்களோ அதை ஒரு புழு என்று எண்ணி, வளையப் புழு என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். வண்டும் இல்லை, புழுவும் இல்லை. அது ஒரு பூசணம் என்று உலகுக்குக் காட்டியவர் டேவிட் குரூபி. ஹங்கேரியில் பிறந்து பாரிஸில் வைத்தியம் பார்த்த மனிதர். 1841-ஆம் ஆண்டு தொடங்கி மூன்று நான்கு ஆண்டுகளில், தலைப்படை கண்ட குழந்தைகளின் மயிரையும் பொருக்கையும் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்து அவர் இதை நிரூபித்தார். ஊறுகாய்ச் சாடியில் பூக்கும் பூசணத்துக்கு ஒருவகையில் பங்காளிதான் நம் இடுப்பில் பூப்பதும். தோலின் மேலே இருக்கும் செத்த அடுக்கும் மயிரும் நகமும்தான் அதற்குச் சாப்பாடு. ஓரிடத்தில் தின்று முடித்து வெளிப்பக்கமாக நகர்ந்து போவதால்தான் படை வட்டமாக விரிகிறது. அந்த விரிவைப் பார்த்துப் படர்தாமரை என்று பெயர் வைத்தவன் நல்ல ரசிகனாக இருந்திருக்க வேண்டும். வியாதிக்கு இவ்வளவு அழகான பெயர் வேறு எந்தப் பாஷையில் இருக்கிறதோ தெரியவில்லை!

இனி 'சீமை'க்கு வருவோம். சீமையெண்ணெய், சீமைச் சுண்ணாம்பு, சீமை ஓடு என்று கடல் கடந்து வந்த பொருளுக்கெல்லாம் நாம் இந்த அடைமொழியைக் கொடுத்து வைத்தோம். சீமையகத்திக்கும் அது பொருந்தும். அதன் பூர்வீகம் அமெரிக்காக் கண்டத்தின் வெப்பப் பிரதேசம். அப்படியானால் எங்கிருந்தோ வந்த செடி படைக்கு மருந்தாகும் என்று நம்மவர்களுக்கு எப்படித் தெரிந்தது? அதற்கு நம்மிடமே இருந்த அதன் உறவுக்காரச் செடி ஒன்று விடை சொல்கிறது. மழை பெய்ததும் புறம்போக்கிலெல்லாம் முளைக்கிறதே தகரை, அதை வடமொழிக்காரர்கள் சக்ரமர்தம் என்பார்கள். சக்கரத்தை நசுக்குவது என்று பொருள். சக்கரம் எது என்று நான் சொல்லவேண்டியதில்லை. தகரை விதையை அரைத்துப் படைக்குப் பூசுவது பழைய வைத்தியம். இலையிலும் பூவிலும் காயிலும் தகரையின் சாயலைக் கொண்ட புதுச் செடி வந்து இறங்கியதும், வைத்தியர்களுக்கு அதன் குணத்தை ஊகிப்பது சிரமமாக இருந்திராது என்றே நான் நினைக்கிறேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளைக்கார வைத்தியர்கள் சிலர் நம் கடைத்தெரு மருந்துகளைக் கூர்ந்து பார்க்கத் தொடங்கினார்கள். திருவிதாங்கூரில் பணியாற்றிய எட்வர்ட் வேரிங் என்பவர், எளிதில் கிடைக்கும் நாட்டு மருந்துகளைப் பற்றி எழுதிய கைப்புத்தகத்தில் சீமையகத்திக்கும் ஓர் இடம் கொடுத்தார். அவரே 1868-இல் இந்தியாவுக்கென்று ஒரு மருந்து நூலைத் தொகுத்தார். மறு ஆண்டே சென்னைத் திருவல்லிக்கேணி மருத்துவசாலையில் இருந்த முகைதீன் ஷெரீப், அந்த நூலுக்கு ஓர் அனுபந்தம் வெளியிட்டார். ஒரே மருந்துக்குத் தமிழில் என்ன பெயர், தெலுங்கில் என்ன, ஹிந்துஸ்தானியில் என்ன என்று பொறுமையாக வரிசைப்படுத்தியிருந்தார். பெயர்ப் பட்டியல்தானே என்று தோன்றும். அப்படி எழுதி வைப்பதன் அருமை பின்னால் விளங்கும்.

இதே காலத்தில் பம்பாயில் ஒரு விசித்திரமான மருந்து விற்றது. கோவாப் பொடி என்று பெயர். தவிட்டு நிறமான தூள். தண்ணீரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ காடியிலோ குழைத்துப் படையில் பூசினால் குணமாகும். துணியில் பட்டால் கறை போகாது. என் டவுசர்க் கறை நினைவுக்கு வருகிறதல்லவா? கோவாவிலிருந்து வருவது வரையில் எல்லாருக்கும் தெரியும். எந்த மரத்தினுடையது, எந்த வேரினுடையது என்பது யாருக்கும் தெரியாது. கெம்ப் என்ற பம்பாய் மருந்துக் கடைக்காரர் 1864-இல் இதைப் பற்றி எழுதி இங்கிலாந்தில் ஆவலைக் கிளப்பினார். பத்து ஆண்டுகள் கழித்து, கல்கத்தாவில் புகழ்பெற்றிருந்த வைத்தியர் ஜோசப் பேரர் மறுபடியும் எழுதினார். அந்தப் பத்திரிகை எப்படியோ தென் அமெரிக்காவில், பிரேசிலின் பாஹியா நகரத்தில் இருந்த டாக்டர் ட சில்வா லிமாவின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. படித்தவர் சிரித்திருப்பார். அவர் ஊரில் அராரோபா என்று சாதாரணமாக விற்கும் பொடிதான் அது! பாஹியாக் காட்டில் ஒரு பெரிய மரம். வயதான மரத்தின் வயிரத்தில் விழும் பொந்துகளிலும் வெடிப்புகளிலும் இந்தத் தூள் சேர்ந்திருக்கும். மரத்தை வெட்டிப் பிளந்து சுரண்டி எடுக்க வேண்டும். சுரண்டுகிறவனின் கண்ணும் முகமும் எரிந்து வீங்கிப் போகும். பிரேசிலும் கோவாவும் ஒரே போர்ச்சுக்கல் கொடியின் கீழ் இருந்தவை. அந்தக் கடல் வழியாக வந்த பொடி, ஊர்ப் பெயரை மாற்றிக்கொண்டு, இந்திய மருந்தாக வேஷம் போட்டு உலாவியிருக்கிறது.

பொடியின் ஊர் தெரிந்த அதே 1875-இல், லண்டனில் ஆட்ஃபீல்டு என்ற ரசாயன நிபுணர் அதைப் பிரித்துப் பார்த்து, கிரைசோபானிக் அமிலம் நிறைய இருக்கிறது என்றார். 1878-இல் லீபர்மான், ஸைட்லர் என்ற இரு ஜெர்மானியர்கள், அது முழு உண்மையில்லை என்று காட்டினார்கள். பொடியில் பெரும்பாலும் இருப்பது வேறொரு பொருள், அது காற்றுப் பட்டு மாறும்போதுதான் கிரைசோபானிக் அமிலமாகிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. அதற்குக் கிரைசரோபின் என்று பெயரிட்டார்கள். இந்தப் பெயர்களை நான் இவ்வளவு சிரத்தையாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அதே கிரைசோபானிக் அமிலமும் அதன் கூடப்பிறந்த பொருள்களும் அம்மாயி அம்மியில் அரைத்த சீமையகத்தி இலையிலும் இருக்கின்றன. தகரையிலும் இருக்கின்றன. பாஹியாக் காட்டு மரத்தின் பொந்தில் இருந்ததன் சொந்தம் காலிங்கராயன் வாய்க்கால் மேட்டில் பூத்து நின்றது.

கதை அதோடு முடியவில்லை. இங்கிலாந்தில் ஒரு நோயாளி தனக்கு வந்ததைப் படை என்று எண்ணிக் கோவாப் பொடியைப் பூசிக்கொள்ள, அது குணமாயிற்று. பார்த்தால் அவருக்கு வந்திருந்தது படையே இல்லை. சொரியாசிஸ் என்ற காளாஞ்சகப்படை. பல்மானோ ஸ்குவயர் என்ற லண்டன் சரும வைத்தியர் இதைக் கவனித்து 1870-களில் எழுதினார். பிறகு முதல் உலக யுத்தம் வந்தது. பிரேசிலிலிருந்து ஜெர்மனிக்குப் பொடி வருவது நின்றது. உடனே ஜெர்மானியர்கள் அந்தப் பொருளின் அமைப்பைப் பார்த்து, அதைப்போல ஒன்றைத் தொழிற்சாலையிலேயே செய்துவிட்டார்கள். 1916-இல் கலேவ்ஸ்கி அதை உபயோகித்துப் பார்த்து எழுதினார். டித்ரனால் என்ற பெயரில் அது இன்றும் மருந்தாக இருக்கிறது. காட்டிலிருந்து கண்ணாடிக் குப்பிக்கு வந்து சேர ஐம்பது ஆண்டுகள் ஆயின. பொடியைப் பூசிப் பூசி அதன் குணத்தைக் கண்டறிந்த பாஹியாக்காரனின் பெயரோ கோவாக்காரனின் பெயரோ எந்தப் புட்டியிலும் இல்லை.

படைக்கென்றே நிலைத்துவிட்ட களிம்பு வேறொன்று. ஆர்தர் விட்ஃபீல்டு என்ற ஆங்கிலேயர் 1907-இல் சொன்னது. நூற்றுக்கு ஆறு பங்கு பென்சாயிக் அமிலமும் மூன்று பங்கு சாலிசிலிக் அமிலமும் சேர்த்த எளிய களிம்பு. ஒன்று பூசணத்தை அடக்கும். மற்றது தோலின் செத்த அடுக்கை உரித்து, பூசணத்தின் சாப்பாட்டையே பறிக்கும். உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இது இடம்பெற்றது. பென்சாயிக் அமிலத்தை முதலில் எடுத்தது சுமத்ராவிலிருந்து வரும் சாம்பிராணியிலிருந்து. சாலிசிலிக் அமிலத்தின் பெயரோ ஐரோப்பிய ஆற்றங்கரை மரமான வில்லோவின் லத்தீன் பெயரிலிருந்து பிறந்தது. பிறகு இரண்டையும் தொழிற்சாலையில் செய்யக் கற்றுக்கொண்டார்கள், விலை மலிந்தது.

இப்படி உலகத்தைச் சுற்றிவிட்டு, எங்கள் ஈரோட்டுக்கு வருகிறேன். இங்கே தோல் வியாதி என்றால் எல்லாரும் முதலில் சொல்வது மஞ்சளைத்தான். சொல்லாமல் என்ன செய்வார்கள்? தை பிறந்தால் ஊர்க்காற்றிலேயே மஞ்சள் வாசம் அடிக்கும். வேகவைத்துக் காயவைத்து மெருகேற்றிய விரலியும் கிழங்கும் மூட்டை மூட்டையாக மண்டிக்கு வரும். வியாபாரி ஒரு விரலியை எடுத்துப் பட்டென்று ஒடித்து, உள்ளே நிறம் எப்படி என்று பார்ப்பார். விலை பெரிதும் அந்த நிறத்தில்தான் இருக்கிறது. 2019-இல் ஈரோட்டு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இந்த மஞ்சளுக்கு 1995-ஆம் ஆண்டில் இரண்டு காரியங்கள் நடந்தன. ஒன்று ஊரெல்லாம் தெரிந்தது. மற்றொன்று பத்திரிகைகளில் அதிகம் அடிபடாதது.

தெரிந்ததை முதலில் சொல்கிறேன். அந்த ஆண்டு மார்ச் மாதம், புண்ணை ஆற்ற மஞ்சளை உபயோகிக்கும் முறைக்கு அமெரிக்காவில் மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ மையத்துக்குக் காப்புரிமை கொடுத்தார்கள். காப்புரிமையில் கண்டுபிடிப்பாளர்களாக இருந்தவர்களே இந்திய வம்சாவளியினர்! நம் நாட்டு விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் கவுன்சில் அதன் தலைவர் மாஷேல்கரின் முயற்சியால் 1996-இல் வழக்குத் தொடுத்தது. எங்கள் பாட்டி பூசினாள் என்று சொன்னால் அங்கே செல்லாது. வெளிநாட்டில் வாய்மொழியாக வழங்கியதை அக்கால அமெரிக்கச் சட்டம் கணக்கில் எடுக்காது. அச்சில் இருக்க வேண்டும். கவுன்சில் முப்பத்திரண்டு சான்றுகளைத் தேடி எடுத்தது. சமஸ்கிருதம், உருது, ஹிந்தி நூல்கள். 1953-இல் இந்திய மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த கட்டுரை. 1997 ஆகஸ்டில் காப்புரிமை ரத்தாயிற்று. வேப்பெண்ணெயால் செடிகளின் பூசணத்தை ஒழிக்கும் முறைக்கு ஐரோப்பாவில் ஓர் அமெரிக்கக் கம்பெனியும் அமெரிக்க விவசாய இலாகாவும் பெற்றிருந்த காப்புரிமையும் 2000-இல் ரத்தாகி, 2005-இல் மேல்முறையீடும் தோற்றது. பாரம்பரிய அறிவை எழுதிச் சேர்க்கும் மின்னணு நூலகம் ஒன்றை 2001-இல் நம் அரசாங்கம் தொடங்கியதற்கு இந்த வழக்குகளே காரணம். முகைதீன் ஷெரீப்பைப் போல உட்கார்ந்து எழுதி வைத்தவர்களின் அருமை இங்கேதான் தெரிகிறது. அம்மாயியின் சாட்சி செல்லாத இடத்தில் அச்செழுத்து சாட்சி சொல்லிற்று.

மற்றொன்று இது. தாய்லாந்து ஆராய்ச்சியாளர்கள் மஞ்சளிலிருந்து இரண்டு பொருள்களைத் தனித்தனியாக எடுத்தார்கள். ஒன்று குர்க்குமின், மஞ்சளுக்கு நிறம் தருவது. மற்றது மஞ்சள் எண்ணெய், வாசம் தருவது. படை உண்டாக்கும் பதினைந்து பூசண வித்துகளின் மேல் இரண்டையும் சோதித்தார்கள். எண்ணெயை நாற்பது மடங்கிலிருந்து முந்நூற்றிருபது மடங்கு வரை நீர்த்தபோதும் அது அவற்றை அடக்கிற்று. குர்க்குமின் ஒன்றைக்கூட அடக்கவில்லை. படை உண்டாக்கிய சீமைப் பெருச்சாளிகளுக்கு எண்பது மடங்கு நீர்த்த எண்ணெயைத் தடவியபோது ஆறேழு நாளில் படை மறைந்தது.

இதைப் படித்த அன்று நான் மண்டியை நினைத்துக்கொண்டேன். விரலியை ஒடித்து நிறம் பார்க்கும் அந்தக் கை, வாசத்துக்கு விலை போடுவதில்லையே! மஞ்சள் நல்லது என்று பரம்பரையாகச் சொன்னோம். சொன்னது பொய்யாகிவிடவில்லை. ஆனால் எந்தப் பகுதி, எந்த வியாதிக்கு, எவ்வளவு என்று நாம் கேட்கவில்லை. கேட்டவன் வேறு ஊர்க்காரன். ஒரு மூலிகைக்கும் ஒரு களிம்புக்கும் நடுவே இருக்கிற தூரம் இந்த மூன்று கேள்விகள்தான். மழைக்காலத்து இலைக்கும் கோடைக்காலத்து இலைக்கும் சத்து வேறுபடும். அரைத்த இலை மறுநாள் கறுத்துப் போகும். தேங்காயெண்ணெயிலும் தேன்மெழுகிலும் அதைக் குழைத்தால் எத்தனை மாதம் கெடாமல் இருக்கும், தோலுக்குள் எவ்வளவு இறங்கும், யாருக்கு எரியும் என்றெல்லாம் பார்த்தாக வேண்டும். பிலிப்பைன்ஸ் தேசத்தில் அகாபுல்கோ என்று வழங்கும் இதே சீமையகத்தியை 1970-களில் தொடங்கிய மூலிகை ஆராய்ச்சித் திட்டத்தில் எடுத்துக்கொண்டு, இப்படி ஒவ்வொன்றாகப் பார்த்து, படைக்குப் பூசும் திரவ மருந்தாக்கினார்கள். அங்கே சுகாதார இலாகா சிபாரிசு செய்த பத்து மூலிகைகளில் அது ஒன்று. நம்மிலும் தாமோதரன், வெங்கட்ராமன் என்ற இருவர் தேமலுக்கு இந்த இலைச் சாற்றைப் பத்து ஆண்டுகள் மனிதர்களிடம் சோதித்து, 1994-இல் நல்ல பலன் என்று எழுதினார்கள். சித்த மருந்துக் கடையில் சீமையகத்திக் களிம்பும் விற்கிறது.

இதெல்லாம் பழங்கதை, இன்றைக்குக் கடையில் டியூப் மருந்து இல்லையா என்று கேட்கலாம். சென்ற ஆண்டு எங்கள் தெருவில் குடியிருக்கும் ஒரு பையன் வந்தான். மண்டியில் மூட்டை தூக்குகிறவன். இடுப்பு, தொடை, முதுகு எல்லாம் படை. வட்டம் கலைந்து தேசப்படம் மாதிரி பரவியிருந்தது. எட்டு மாதமாக ஏதோ ஒரு மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய டியூபைப் போட்டிருக்கிறான். "போட்டா ரெண்டே நாள்ல அடங்குதுங்கய்யா. விட்டா மறுக்கா வந்துருதுங்க" என்றான். அரிப்பில் தூக்கமில்லை. கூட வேலை செய்கிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்களாம். அதைச் சொல்லும்போது அவன் தலை குனிந்தது. பத்து வயதில் அம்மாவிடம் சொல்ல வெட்கப்பட்ட பையன் எனக்கு நினைவுக்கு வந்தான்.

சர்க்கார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டாக்டரம்மா டியூபைப் பார்த்ததுமே பெருமூச்சு விட்டார். அதில் பூசண மருந்தோடு வீரியமுள்ள ஸ்டீராய்டும் கலந்திருந்தது. ஸ்டீராய்டு சிவப்பையும் அரிப்பையும் அடக்கிவிடும். தோலின் எதிர்ப்பையும் அடக்கிவிடும். பூசணம் சத்தமில்லாமல் விளையும். இந்த மாதிரிப் பூச்சு மருந்துகளில் பதினான்கு ஸ்டீராய்டுகளை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாதென்று 2018-இல் அரசாங்கம் உத்தரவு போட்டது. ஆனாலும் பழக்கம் போகவில்லை. அரைகுறையாக மருந்து போட்டதும் சேர்ந்து, டெர்பினாபின் என்ற நல்ல மருந்துக்கே அடங்காத பூசணம் பரவிவிட்டது. 2020-இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் அதற்குத் தனிப் பெயர் வைத்தபோது அந்தப் பெயரிலேயே இந்தியா இருந்தது: டிரைக்கோபைட்டான் இந்தோட்டினியே. பெருமைப்பட முடியாத ஒரு புவிசார் குறியீடு!

பையனுக்கு வாயில் சாப்பிடும் மாத்திரையும் கலப்பில்லாத களிம்பும் கொடுத்தார்கள். வீட்டில் எல்லாருக்கும் பரிசோதனை. துணிகளைத் தனியாக வெந்நீரில் துவைத்து வெயிலில் காயவைக்க வேண்டும். அரிப்பு நின்றாலும் மருந்தை நிறுத்தக் கூடாது. மூன்று மாதம் ஆயிற்று. தோல் தெளிந்தது.

அதன்பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனைக் கூட்டிக்கொண்டு காலிங்கராயன் வாய்க்கால் பக்கம் நடந்தேன். அம்மாயியின் தோட்டம் கைமாறிவிட்டது. மேட்டில் பாதிக்கு மேல் சிமெண்டுக் கரை. மிச்சமிருந்த மண்ணில் ஒரு சீமையகத்தி நின்றது. கதையைச் சொன்னேன். அவன் ஓர் இலையைக் கிள்ளி முகர்ந்து பார்த்தான்.

"ஏனுங்கய்யா, இதெப் போட்டிருந்தா எனக்குக் கேட்டிருக்குமுங்களா?"

உடனே ஆம் என்று சொல்ல நாக்கு துடித்தது. அம்மாயியின் பேரன் அல்லவா நான்? ஆனால் என் படை ஒரு ரூபாய் அகலம். அவனுடையது உடம்பு முழுவதும். அன்றைய பூசணம் வேறு, மருந்தைத் தின்று பழகிய இன்றைய பூசணம் வேறு. "உனக்கு வந்ததுக்கு டாக்டரம்மா மருந்துதான். தேமலுக்கு இது கேட்கும்னு பரிசோதனை பண்ணி எழுதியிருக்காங்க" என்றேன்.

"அப்படீங்களா? தேமலுக்குன்னா எத்தனை இலைங்க, எத்தனை நாளைக்குப் போடோணுமுங்க?"

அவன் மனைவிக்குக் கழுத்தில் தேமல் இருக்கிறதாம். நான் கையில் இருந்த இலையைப் பார்த்தேன். ஒரு கைப்பிடி என்றுதான் அம்மாயி பறித்தாள். எண்ணிப் பறிக்கவில்லை. மறுநாள் காலையில் இருவரையும் சித்த வைத்தியப் பிரிவுக்கு வரச் சொல்லிவிட்டு, இரண்டு நெற்றுகளைப் பறித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீடு திரும்பினேன்.